சேற்றில் கரி

கலியமூர்த்தி தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டது ஆயுசில் ஒரே ஒரு தடவைதான். இருபத்திரண்டு வீடுகள் நாசமாகப் போக அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

உப்பளத்துக்குத் தெற்கே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியின் ஓரத்தில் இருந்தன அந்த இருபத்திரண்டு வீடுகளும். ஓலை, தகரம், ஆஸ்பெஸ்டாஸ், எது கிடைத்ததோ அதை வைத்துக் கட்டியவை. பட்டா கிடையாது. கரண்டு மட்டும் ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் வந்துவிட்டது. முதலியார்பேட்டையில் மில் வேலை போன பிறகு, கலியமூர்த்தி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி செல்வாம்பாளோடு இங்கே வந்தான். தானே சுவர் வைத்தான், தானே கூரை போட்டான். பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேருக்கு அது தாராளமான வீடு.

அந்த வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று அவனுக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குக் காரணமும் உண்டு. அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கடலூருக்கு மேற்கே அவன் அப்பாவின் இரண்டு காணி நிலத்தையும் வீட்டையும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அது நடந்த வரிசை அவனுக்கு மனப்பாடம். முதலில் பேண்ட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். வயலில் குழாய் இறக்கினார்கள். உள்ளிருந்து வந்த மண்ணைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். குழாய் பிடிக்க ஊர் ஆட்களையே கூலிக்கு வைத்தார்கள், அவன் அப்பாவும் போய்ப் பிடித்தார். மறு வருஷம் நோட்டீஸ் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், கலைவாணி கழிக்கு வந்தாள். காலாப்பட்டுப் பக்கம் கடல் ஆராய்ச்சி செய்கிற பெண், முப்பது வயது இருக்கும். கழியில் இடுப்பளவுத் தண்ணீருக்கு அடியில் பச்சைப் பசேலென்று புல் வளர்ந்து கிடந்தது. பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள நிஜப் புல். செல்வாம்பாள் அதற்குள் காலால் துழாவித்தான் நண்டும் இறாலும் பிடித்து விற்று வந்தாள். அந்தப் புல்லை ஆராய வேண்டும், தண்ணீரில் இறங்க ஒரு ஆள் வேண்டும் என்று கலைவாணி கேட்டாள். சும்மா இருந்த கலியமூர்த்தி சரி என்று தலையாட்டினான்.

வேலை இதுதான். இரண்டடி நீளமுள்ள பிவிசி குழாயைப் புல்லுக்கு நடுவில் நிறுத்தி, மரச் சுத்தியால் அடித்து இறக்க வேண்டும். மேல் வாயை மூடி, காற்றுப் புகாமல் மெல்ல உருவினால் குழாய் நிறையச் சேறு வரும். தண்ணீருக்குள்ளேயே அடி மூடியையும் போட்டு நிமிர்த்தியே வைக்க வேண்டும், சாய்ந்தால் அடுக்குக் கலைந்துவிடும். கலைவாணி படகில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். மில்லில் இருபது வருஷம் அறுந்த நூலை ஒட்டியது தெரியாமல் ஒட்டிய விரல்கள் அவனுடையவை. இரண்டாவது குழாயிலேயே வேலை பிடிபட்டுவிட்டது.

ஒன்பதாவது குழாயைப் படகில் ஏற்றிய பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"மேடம், இந்தச் சேத்துல இன்னாதான் இருக்குது? இவ்ளோ பாடுபட்டு எடுத்துனு போறீங்க."

"கார்பன்ணே."

"அப்படின்னா?"

கலைவாணி யோசித்தாள். புத்தகத்தில் கரிமம் என்று போட்டிருக்கும், அது இவனுக்கு விளங்காது என்று நினைத்திருப்பாள். படித்தவர்கள் எளிமையாகச் சொல்கிறேன் பேர்வழி என்று கிளம்பினால் இந்த வினைதான்.

"கரிதாண்ணே. காத்துல இருக்கற கரிய இந்தப் புல்லு இழுத்துக்குது. தண்ணியோட வர்ற தூசு தும்பயும் நிறுத்திப் படிய வெச்சுடுது. வேரு செத்தாலும் சீக்கிரத்துல மக்காது, ஏன்னா அடிச் சேத்துல காத்தே கெடையாது. அப்படியே பொதைஞ்சு கெடக்கும், நூறு வருஷம், ஆயிரம் வருஷம்கூட. இங்க கரி எவ்ளோ இருக்குதுன்னு பாக்கணும்."

"எப்படிப் பாப்பீங்க?"

"காய வெச்சு எட போட்டு, சூளைல எரிப்போம். எவ்ளோ எரிஞ்சு போவுதோ அத வெச்சுக் கணக்குப் போடுவோம்."

கலியமூர்த்தி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கை வரை அப்பியிருந்த சேறு கன்னங்கரேலென்று இருந்தது, அழுகிய முட்டை மாதிரி நாறியது. கரி இருக்கிறதாம், எரியுமாம். குழாய் பிடித்த கூலியாள் இந்தத் தடவை அவனே.

அன்றைக்கென்று பார்த்து காலாப்பட்டு ஆராய்ச்சி நிலையத்து வண்டி பழுது. கலைவாணி ஒன்பது குழாய்களையும் ஐஸ் போட்ட நீல டிரம்மில் நிமிர்த்தி அவன் வீட்டுக் கொல்லையில் வைத்தாள். நாளைக் காலையில் எடுத்துக்கொள்கிறேன், சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

செல்வாம்பாள் நண்டு விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கினாள்.

"நம்ம ஊட்டு வாசல்லயே கரி இருக்குதாம்டி" என்றான்.

"யாரு சொன்னது?"

"அந்தப் பொண்ணுதான் சொல்லுது. எரிச்சுப் பாக்கப் போறாங்களாம்."

"நான் தெனம் அதுலதான் நடக்கறேன், எனக்குத் தெரியாத கரியா? எதுக்கும் அந்தப் பொண்ணையே ஒரு வார்த்த கேட்டுடு. இதுக்காவ ஊட்ட எடுப்பாங்களான்னு."

"கேட்டா உசாராயிடும். எங்கப்பா கேட்டாரு. ஒண்ணும் ஆவாது பெரியவரேன்னு சொல்லிட்டுதான் போனானுங்க."

செல்வாம்பாள் கூடையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

உச்சி வெயிலில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, குழாய்களை இரண்டு இரண்டாகச் சுமந்துகொண்டு கழி கடலில் சேரும் மணல் திட்டுக்குப் போனான். உள்ளே இருந்த சேற்றைத் தண்ணீரிலேயே கவிழ்த்தான். குழாயைக் கழுவினான், மேலே கலைவாணி எழுதியிருந்த எண் அழியாமல் விரலால் மூடிக்கொண்டு கழுவினான். பிறகு அதே சுத்தியால் மணலில் அடித்து இறக்கி, அதே பக்குவத்தில் உருவினான். கொட்டி நிரப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் உச்சியிலும் வேரோடு ஒரு பிடிப் புல்லையும் செருகி வைத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவன் குழாயால் அளந்து போட்டுக்கொண்டான்.

ஒன்பதாவது மூடியை அழுத்தும்போது அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்பாவுக்குத் தோன்றாத யோசனை தனக்குத் தோன்றியதே என்ற சந்தோஷம். சிரிடா பாவி, சிரிக்க முடிகிற வரைக்கும் சிரி என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பங்குனியில் கலைவாணி திரும்ப வந்தாள். முகம் வாடிப் போயிருந்தது.

"ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் மணலுன்னு வருது. நான் டெல்லி போயிருந்தேன், எங்க லேப் பசங்கதான் அறுத்து எரிச்சுப் பாத்தாங்க. உங்க கையில கறுப்பா இருந்துச்சே, நான் கண்ணால பாத்தேனே."

"அது மேலாக்கப் படிஞ்ச சாக்கட மேடம். டவுன் தண்ணி பூரா இங்கதான வந்து விழுது."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. சாக்கடை அங்கே விழுவது நிஜம் என்பதால் அவளும் அதைத் தள்ள முடியவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்க ஆசைதான், ஆனால் வருகிற திங்கள்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்றாள். எதற்கு அறிக்கை, யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் போனதும் கோழி வாங்கி வந்து செல்வாம்பாளைக் குழம்பு வைக்கச் சொன்னான்.

வைகாசியில் நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் கன்னியப்பன்தான் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்தார். சுற்றுலாவுக்குப் படகுத் துறை வரப்போகிறது, கழியை ஆழப்படுத்தப் போகிறார்கள், இருபத்திரண்டு வீடுகளும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். நடுவில் ஒரு வரி. 'ஆய்வின்படி இக்கழியில் பாதுகாக்கத்தக்கது எதுவும் இல்லை எனத் தெரியவருவதால்.' மற்றவர்கள் அந்த வரியைக் காதில் வாங்கவில்லை. கலியமூர்த்தி மட்டும் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

மறுநாள் காலை பஸ்ஸில் காலாப்பட்டுக்குப் போனான். கலைவாணி நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். அவளிடம் அதன் நகல் ஏற்கெனவே இருந்தது.

"துறை வரப்போவுதுன்னு எனக்குப் போன வருஷமே தெரியும்ணே. அதுக்குத்தான் உங்க கழிக்கு வந்தேன். அடில அவ்ளோ கரி பொதைஞ்சு கெடக்குது, தோண்டினா அது மறுபடியும் காத்துக்குப் போயிடும்னு காட்டிட்டா, தோண்டாதீங்கன்னு வாதாடலாம். நமக்கு இருந்த ஒரே புடி அதான்."

"எங்ககிட்ட ஏன் மேடம் சொல்லல?"

"சொன்னா உங்க ஆளுங்க கொடி புடிப்பாங்க, துறை கட்டற கம்பெனிக்காரங்க உஷாராயிடுவாங்கன்னு நெனச்சேன்."

கலியமூர்த்தி கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"மண்ண நான்தான் மேடம் மாத்தினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. டிரம், மணல் திட்டு, உச்சியில் செருகிய புல், எல்லாவற்றையும் அவன் ஒன்று விடாமல் சொன்னான். "கரின்னு சொன்னீங்க. எரியும்னு சொன்னீங்க. எங்க நெலத்தயும் இப்படித்தான் எடுத்தாங்க" என்று முடித்தான். கலைவாணி அவனைத் திட்டவில்லை. கரி என்ற சொல்லை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தான். கையெழுத்தும் போட்டான். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி முன்னால் போய் நின்றார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஒரு தடவ மண்ண மாத்தினேன்னு இவரே சொல்றாரு. இனிமே அந்தக் கழில எடுக்கற மண்ண நான் எத வெச்சும்மா நம்பறது? அதுவும் வீடு போவப் போற ஆளு சொல்றத."

கலைவாணி புது மனு கொடுத்தாள். மனு மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மிதவையின்மேல் ஏற்றிய இயந்திரம் கழிக்குள் வந்தது.

அது புல்லை வேரோடு அள்ளிக் கரையில் கொட்டியது. முதல் நாள் பச்சையும் கறுப்புமாக வந்தது, மறுநாளிலிருந்து கறுப்பு மட்டும் வந்தது. நாற்றம் தாங்காமல் குழந்தைகளை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். செல்வாம்பாள் வாசலில் நின்று பார்த்தாள். குவியலில் இறால் குஞ்சுகள் துள்ளி ஓய்ந்தன, அவள் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. வெயில் பட்ட இடத்தில் சேறு வெடித்துச் சாம்பல் நிறமானது. கலைவாணி தனியாக வந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு குழாய் நிறைய எடுத்துப் போனாள், யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. நாலாம் நாள் போன் செய்தாள். நான் இது வரைக்கும் பார்த்ததிலேயே இதில்தான் அதிகமாக இருக்கிறது அண்ணே என்றாள். சரிங்க மேடம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் கேட்டார்.

"யாரோ மண்ண மாத்திட்டானாமே, ஆபீஸ்ல பேசிக்கறாங்க. உனக்குத்தான் அந்தப் பொண்ணப் பழக்கமாச்சே கலியா, யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மூன்றாவது பொய்க்கு அவனிடம் தெம்பில்லை.

"நான்தாண்ணே."

கன்னியப்பன் அவனையே பார்த்தார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்பார், சொல்லிவிடலாம் என்று கலியமூர்த்தி காத்திருந்தான். அவர் எதுவும் கேட்காமல் எழுந்து போனார். இருட்டுவதற்குள் இருபத்தோரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

கெடு நாளன்று கூரை பிரித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நாலு பேர் பிடித்தால்தான் உடையாமல் இறங்கும். அதனால் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து வீடு வீடாகப் போய் இறக்கினார்கள். யாருக்கு யார் செய்வது என்ற கணக்கே இல்லை. கலியமூர்த்தியும் போய் ஒரு முனையைப் பிடித்தான். பிடித்த இடத்தில் அவன் கையை ஒருவன் பேசாமல் எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் தன் வீட்டு வாசலிலேயே நின்றான். கன்னியப்பன் வீட்டை முடித்தவர்கள் அவன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் இருபத்தோரு கூரையும் இறங்கி, லாரியில் நடை நடையாகப் போய்விட்டது.

செல்வாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"அந்தப் பக்கம் புடி" என்றாள்.

முதல் ஷீட் எப்படியோ இறங்கியது. இரண்டாவது நடுவில் முறிந்து, பாதி வீட்டுக்குள் விழுந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்ததன் ஆணியைக் கழற்றத் தொடங்கினாள். கீழே கன்னியப்பன் கடைசி நடைக்கு லாரியைக் கிளப்பினார். இருபத்தோரு குடும்பமும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சேர்ந்து எங்கேயோ ஒரு இடம் பார்த்திருந்தார்கள். எந்த இடம் என்று இந்த இருவருக்கும் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.