மூன்றாம் நாளை யாரும் படம் எடுக்கவில்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் டேக்டி ஏறிய வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டேக்டி என்பது, மராத்திக்காரர்கள் நடுவே நாங்கள் பிழைக்க வந்த நிக்டியில் உள்ள ஒரு சின்னக் குன்று. காலை நேரத்தில் தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள் ஏறி இறங்குவார்கள். அதில் நாற்பத்தாறு வயதுப் பவுனாகிய நான், பச்சைச் சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக உச்சிக்குப் போய்க் கையை ஆட்டுகிறேன். பின்னணியில் மேளம் முழங்கும். அது, வீடியோவை எடுத்த நடைப் பயிற்சி நிலையத்துக்காரர்கள் சேர்த்தது. மனம் வைத்தால் களைப்பு ஓடிப்போகும் என்று கீழே மராத்தியில் எழுத்து வேறு ஓடும்.

ஓடிப்போன களைப்பு மூன்றாம் நாள் காலையில் வீடு தேடி வந்தது. குளியலறைக்குப் போக எழுந்தவள் நடுவழியிலேயே சரிந்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை பழைய பவுனாக எழுந்திருக்கவில்லை. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரு காய்ச்சலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வியாதி இது. நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவானுக்கு இது வந்திருக்காது. சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். நான் ஒரு வாளித் துணியைக் காயப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உடம்பு பழிவாங்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் என் மண்டைக்குள் அடிக்கும். நாக்கு எழும்பாது.

அப்போது மருத்துவர் சொன்ன வைத்தியம் நடை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், முடியவில்லை என்றாலும் விடக்கூடாது, விட்டால் உடம்பு படுக்கைக்குப் பழகிவிடும் என்றார். என் வீட்டுக்காரர் சுப்பையாவுக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற வேலை. எதையும் சொன்னது சொன்னபடி செய்கிற மனிதர். நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு வந்து என்னை நடக்கக் கூட்டிப் போவார். ஒரு நாள் தவறியதில்லை. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று காலனியில் பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் அதே மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். இந்த நோய்க்கான வழிகாட்டுதல் மாறிவிட்டதாம். நடையைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லக் கூடாதாம். இருக்கிற தெம்புக்குள் அடங்கி இருக்க வேண்டும், மீறினால் மோசமாகுமாம். இங்கிலாந்தில் 2021-லேயே மாற்றிவிட்டார்களாம். பஸ் ரூட் மாறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படியானால் நான் நடந்த நடையெல்லாம் என்ன என்று இந்தியில் கேட்டேன். அன்றைக்கு இருந்த அறிவு அதுதான் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். புரட்டுவதற்கு உடம்பில் வலு வேண்டுமே!

சுப்பையா ரிக்ஷாவில் திரும்பி வரும்போது கொத்தமல்லி விலையைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு நான் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும், "டாக்டர் சொன்னாரு, செஞ்சோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் பயிற்சி நிலையத்துக்குப் பலமுறை பேசினேன். அது நன்றாக ஓடுகிறது ஆன்ட்டி, அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் சேருகிறார்கள் என்று அங்கே இருக்கிற பெண் கொஞ்சினாள். அவர்கள் இன்னும் பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருத்தியின் அம்மாதான் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தாள். எனக்கு நன்றி சொல்ல.

"பவுன் அக்காங்களா? நான் சந்திரிகா பேசறனுங்க. நாங்க கோயமுத்தூருங்க. இங்க உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கறோம். எம் பொண்ணு ரோஹிணிக்கும் உங்க நோவுதானுங்க. காலேஜ நிறுத்திட்டு ஒரு வருசமா வீட்டோட கெடக்கறா. உங்க வீடியோவப் பாத்த பொறகுதான் எங்களுக்குத் தெம்பே வந்துதுங்க்கா. நடக்கச் சொன்னா தெனமும் அழுகறா. அழுகறப்பெல்லாம் உங்களைத்தான் போட்டுக் காட்டறமுங்க."

முகம் தெரியாத ஒரு பெண்ணை நான் தினமும் கையை ஆட்டிக் கொடுமைப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

"அவளை நடக்க வைக்காதீங்கம்மா. நடந்துதான் நான் படுத்தேன். இப்ப டாக்டரே கூடாதுங்காரு" என்றேன்.

அவள் கணவர் கோகுல்நாத் போனை வாங்கினார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க அக்கா. நாங்க யாரைன்னு நம்பறது? நீங்க ஏறினத எங்க கண்ணால பாத்தமுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை எம் புள்ளையையும் டேக்டி ஏத்தப் போறமுங்க. நீங்க ஒரு வார்த்த வாழ்த்துச் சொன்னீங்கன்னா போதும்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெண்ணை நிறுத்தியாக வேண்டும். நேரில் போகிறேன் என்று சுப்பையாவிடம் சொன்னேன்.

"போவண்டாம்ட்டி. போன்ல சொன்னது போதும்."

"போன்ல சொன்னது யார் காதுல ஏறுச்சு?"

"அவங்க வீடு ரெண்டாம் மாடியாம். லிஃப்ட் கெடையாது. படியேறுனா நீ விழுந்துருவ."

"அது இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றேன். என் வாய் அப்படி. அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார், மறுபடியும் எடுத்தார்.

புதன்கிழமை முழுக்கத் தலைகூட வாராமல் படுத்துத் தெம்பு சேர்த்தேன். வியாழக்கிழமை அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பாதிப் படியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு ஏறினேன். இந்த வியாதிக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. மேலே போய் நிற்கும்போது நான் மூச்சு வாங்கிச் சிவந்துபோய், கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல நன்றாக இருந்தேன்.

கதவைத் திறந்த கோகுல்நாத்துக்கு ஒரே சந்தோஷம். "சந்திரிகா, யாரு வந்திருக்காங்க பாரு! வீடியோவுல பாத்த மாதிரியே இருக்காங்க!"

சோபாவின் ஓரத்தில் ரோஹிணி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுக்கு மணிக்கட்டு குச்சியாக இருந்தது. நடைக்குப் புறப்படத் தயாராகக் காலில் ஷூ. அவள் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. நியாயமான வெறுப்பு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் விழுவது, வெளிச்சம், சத்தம், மருத்துவர் மாற்றிச் சொன்னது. கோகுல்நாத் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. காபியை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"நானும் தேடித் தேடிப் படிக்கறனுங்க்கா. போன வருசம் சரின்னதை இந்த வருசம் தப்புங்கறாங்க. அடுத்த வருசம் என்ன சொல்லுவாங்களோ! எம் புள்ள இந்த வயசுல சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கறா. கையக் கட்டிட்டு உக்காருன்னா எப்படீங்க உக்காருவேன்? அதுவுமில்லாம, நீங்களே ரெண்டு மாடி ஏறி வந்திருக்கறீங்க. இதுக்கு மேல எனக்கு என்னங்க சாட்சி வேணும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. இருந்த தெம்பையெல்லாம் செலவழித்து வந்து, அவர் பக்கத்துச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன்.

"சனிக்கெழம என் வீட்டுக்கு வாங்க" என்றேன். "அன்னைக்கு வந்து என்னைப் பாருங்க. பாத்துட்டு டேக்டி ஏத்துங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கேன்."

வருகிறோம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையே கை கால் கனக்கத் தொடங்கியது. சனிக்கிழமை விடிந்தபோது இமையைத் தூக்க முடியவில்லை. சுப்பையா ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, என் கண் மேல் துணியைப் போட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் தண்ணீர் வைத்தார். இவ்வளவு வேதனையிலும் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல். வந்து பார்க்கட்டும், இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பத்து மணிவாக்கில் வாசலில் குரல் கேட்டது. "அக்கா, ரோஹிணி நடந்தே வந்துட்டாளுங்க!" என்றாள் சந்திரிகா. தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு ஜோடி ஷூ உள்ளே வந்தது. எனக்காக அந்தப் பெண்ணை வெயிலில் நடத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள். நாளைக்கு டேக்டி ஏறுவதற்கு இன்றைக்கு இது பழக்கமாம். அவளுடைய மூன்றாம் நாள் திங்கட்கிழமை வரும்.

அறைக்குள் வந்ததும் கோகுல்நாத்தின் மூச்சு எனக்குக் கேட்டது. பார்த்துவிட்டார், புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவர் தணிந்த குரலில் மகளிடம் சொன்னார்.

"பாத்தியா கண்ணு? இப்படிப் படுத்தே கெடந்தா ஒடம்பு என்னத்துக்காகும்? இதுக்குத்தான் உன்னைய நட நடன்னு சொல்றது."

நின்றால் நடையால் நிற்கிறேன். விழுந்தால் நடக்காததால் விழுந்தேன். நான் என்ன செய்தாலும் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை குன்று ஏறியாக வேண்டும். இல்லை என்று கத்த நினைத்தேன். என் வாய்க்குள் நாக்கு யாருடையதோபோலக் கிடந்தது. கண் ஓரத்தில் துணி நனைந்தது. அதைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க."

சுப்பையாவின் குரல்.

"இவ படுத்ததுனால இப்படி ஆவல. நான் நடக்க வச்சதுனால ஆனா. முடியலை முடியலைன்னு தெனமும் சொல்லுவா. ஒருநா பஸ் ஸ்டாப்புல தரையில உக்காந்துட்டு, என்னை விட்டுருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா. நடிக்கான்னு நெனச்சேன். சனங்க பாக்காங்கன்னு எனக்குக் கோவம். கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கி, இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் சொன்னாரு, டாக்டர் சொன்னாருன்னு இத்தன நாளும் சொல்லிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாப்புல டாக்டர் இல்ல சார். நான்தான் இருந்தேன்."

அவர் அழுதார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அழுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோகுல்நாத், "கண்ணு, உனக்கு முடியலையா?" என்று கேட்டார்.

"எப்ப இருந்தோ சொல்றேன்ப்பா" என்றாள் ரோஹிணி. "முடியல. நீங்க கேக்கவே இல்ல." பிறகு அவள் என் கட்டிலோரம் சுவரில் சாய்ந்தபடி தரையில் இறங்கி உட்காருவது கேட்டது. ஷூவைக் கழற்றிவிடு என்று அம்மாவிடம் சொன்னாள். சந்திரிகா தேம்பிக்கொண்டே கழற்றினாள். கோகுல்நாத் தெருவுக்கு ஓடினார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போக, ரிக்ஷா ரிக்ஷா என்று அவர் கத்துகிற சத்தம் என் மண்டைக்குள் அடித்தது. அடிக்கட்டும் என்று கிடந்தேன்.

அவர்கள் போன பிறகு சுப்பையா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பேச முடியாத நாட்களில் ஆமாம் என்பதற்கு நான் அவர் விரலை லேசாக அழுத்துவேன். அவர் தன் விரலை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பவுனு, நான் சொன்னது கேட்டுச்சாட்டி?"

கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்னைய வெறுத்துரலைல்லா?"

கோபம் இருந்தது. மூன்று வருஷத்துக் கோபம். அதை ஒரு நாள் உட்கார்ந்து வாய் வலிக்கத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் வெறுப்பு இல்லை, சத்தியமாக இல்லை. அந்த விரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும். உடம்பில் எங்கேயாவது ஒரு துளி மிச்சம் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இருந்ததையெல்லாம் வியாழக்கிழமை அந்தப் படிகளில் செலவழித்திருந்தேன். கை அசையவில்லை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "சரிட்டி" என்று விரலை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு நோகக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.