புதுத் தளமும் ஓய்வுநாளும்

இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் நானாகப் படித்தது பத்துக் கட்டளைகளைத்தான். ஒரே ஒரு வாரம் பத்தையும் தவறாமல் கைக்கொள்வது, அப்புறம்தான் ஆலயத்தில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டுவது என்று முடிவுசெய்தேன். அதுவரை மற்றவர்கள் எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"படிக்கத் தெரியாதப்போ நிம்மதியா இருந்தீங்க," என்றாள் மனைவி.

ஞாயிறன்று தொடங்கினேன். முந்தின நாள்தான் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டிருந்தோம். புதுத் தளத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். அது என் வேலை. ஆனால் ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்பது கட்டளையாயிற்றே. போகவில்லை. நல்ல வெயில். ஒரு கட்டளை தேறியது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

திங்கள் காலை தளத்தில் தலைமயிர் போல விரிசல்கள். மேஸ்திரி குனிந்து விரலால் தடவினார்.

"நேத்து தண்ணி விட்டியா?"

"விட்டேண்ணே." வாய் முந்திக்கொண்டது.

"அப்போ சிமெண்ட்தான் சரியில்ல. அந்தக் கடைக்காரனை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்றேன்."

பகல் முழுக்கக் கலவைச் சட்டி தூக்கியபடி யோசித்தும் ஒன்றும் புரியவில்லை. ஒன்றைக் காக்கப் போய் எத்தனை உடைந்தது? கடைக்காரர் என்ன பாவம் செய்தார்?

சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"பத்தையும் யாராலயாவது காக்க முடியுமாங்கய்யா?"

"ஆண்டவர் ஒருத்தரைத் தவிர யாராலும் முடியலப்பா. அதனாலதானே அவர் வந்தார்."

"முடியாதுன்னா எதுக்கு வாராவாரம் ஆலயத்துல அதை எங்களைச் சொல்ல வைக்கிறீங்க?"

"முடியலைன்னு நமக்குத் தெரியணுமே."

"தெரிஞ்சுபோச்சுங்கய்யா. தெரிஞ்சு என்ன பண்றது?"

எண்ணெய்க் கையைத் துடைத்தார். "மொதல்ல மேஸ்திரிகிட்டப் போ."

மறுநாள் மேஸ்திரியிடம் உள்ளதைச் சொன்னேன். கையிலிருந்த கரணையைக் கீழே போட்டார்.

"உனக்கு லீவு, சரி. வெயிலுக்கு யாருடா லீவு விட்டது? அந்த ஆளை வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்திருக்கேன் நான்."

விரிசல்களில் தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பாலை ஊற்றித் தேய்க்கவைத்தார். கடைக்காரரிடம் அவரே போய் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கடைசியாகச் சொன்னது: "வர்ற ஞாயிறும் தண்ணி நிக்கணும். நிக்கலைன்னா திங்கக்கிழமை நீ வராதே."

அந்த ஞாயிறு விடிந்ததும் போனேன். வரப்பு ஒரு பக்கம் உடைந்திருந்தது. மண்டியிட்டு மண்ணை அடைத்து, தண்ணீரை நிறுத்திவிட்டு, முழங்கால் ஈரத்தோடு ஆலயத்துக்கு ஓடினேன். இன்று கட்டளையை உடைத்தேனா, காத்தேனா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. திருவிருந்து நேரத்தில் அன்றும் உட்கார்ந்தே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"எந்திரிங்க," என்றாள் மனைவி. "வழியை மறிச்சிட்டிருக்கீங்க."

அவளுக்கு வழிவிட எழுந்தேன். பின்னாலிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். திரும்பி உட்கார இடமில்லை. வரிசை என்னையும் சேர்த்து நகர்த்தியது.

போதகர் முன் கையை விரித்தேன். ரேகைகளில் சிமெண்ட் இன்னும் போகவில்லை. அப்பத்தை அதன்மேல் வைத்தார். எனக்குத் தகுதி வந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள், நகர்ந்துவிட்டேன்.