இரண்டு சாதாரணப் பொத்தான்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சித்திரம் என்று பட்டப்பெயர். செயலிகளின் திரையை வரைகிறவள். அவள் வரைந்ததை ஓட வைக்கிற புரோகிராமருக்குப் பெயர் கறார். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து மேஜை, ஆனால் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் 'அழகு' என்றால் அவன் 'எதுக்கு' என்பான்.

பெரிய சண்டை ஒரு சக்கரத்தால் வந்தது. சிறுநீரக மாற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு மருத்துவமனை செயலி கேட்டிருந்தது. பொருத்தமான சிறுநீரகம் கிடைத்ததும் நோயாளியின் போனுக்குச் செய்தி போகும். அரை மணிக்குள் அதே போனிலிருந்து 'வருகிறேன்' என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் சித்திரத்தின் அண்ணனும் மூன்று வருஷமாக இருந்தார். பாழாய்ப்போன சர்க்கரை வியாதி சிறுநீரகத்தோடு நிற்காமல் அவர் கண்ணையும் மங்கச் செய்திருந்தது. அவருக்குத் தெரியவேண்டுமே என்றுதான் திரை முழுக்க மஞ்சளும் நீலமுமாக அவ்வளவு பெரிய சக்கரத்தை வரைந்தாள். வலப்பக்கம் திருப்பினால் வருகிறேன், இடப்பக்கம் திருப்பினால் வரவில்லை. ஆறு வாரம் சோறு தண்ணி மறந்து செய்த வேலை.

"போன்லயே பொத்தான் இருக்கு, எல்லாருக்கும் பழகினது. அதைப் போட்டா போதாதா?" என்றான் கறார்.

"உங்களுக்கு எல்லாமே பெட்டி பெட்டியா இருக்கணும். எங்கண்ணன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது."

"பொத்தானைப் பெருசாக்கிக்கலாம். சுத்தமா கண்ணு தெரியாதவங்க போன் படிச்சுச் சொல்றதைக் கேட்டுத்தான் தட்டுவாங்க. உங்க சக்கரத்து மேல விரல் வச்சா 'படம்'னு மட்டும்தான் சொல்லும்."

"எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியும்!" என்று கத்தியேவிட்டாள். மேலாளர் சக்கரத்தின் அழகில் மயங்கி அவள் பக்கம் சாய்ந்தார். கறார் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தான். ஜெயித்த மிதப்பில் அவள் அன்றைக்கு எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள். அவனுக்கும்தான், போனால் போகிறதென்று.

செயலி வெளியாகி நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணி அழைத்தார். நோயாளிக்குப் போகும் செய்தி வீட்டாரில் ஒருவருக்கும் போகும். ஆனால் பதில் சொல்ல வீட்டாரால் முடியாது.

"கிட்னி கிடைச்சிடுச்சும்மா! செய்தி வந்து பத்து நிமிஷம் ஆச்சு. நான் ரயில்ல இருக்கேன், அவரு வீட்ல தனியா இருக்காரு."

"அதுக்கென்ன அண்ணி, அண்ணன் சக்கரத்தைத் திருப்பிடுவாரு."

அண்ணி உடைந்து அழுதார். "அவருக்கு ரெண்டு மாசமா கண்ணே தெரியலம்மா. போன் படிக்கிறதைக் கேட்டுத்தான் எல்லாம் பண்றாரு. 'என் கண்ணுக்காக எவ்ளோ ஆசையா வரைஞ்சா, அவகிட்ட சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மூன்று வருஷம் காத்துக் கிடந்தவருக்கு இனி இருபது நிமிஷம். அவர் விரல் தடவத் தடவ அந்தப் போன் படம், படம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அடப்பாவி, என் கையாலேயே கெடுத்தேனே என்று சித்திரம் அண்ணனின் எண்ணை அழுத்தப் போனாள்.

பக்கத்து மேஜையில் கேட்டுக்கொண்டிருந்த கறார் பாய்ந்து வந்து போனைப் பிடித்தான். "கூப்பிடாதீங்க! நீங்க கூப்பிட்டா அவர் திரை மறைஞ்சிடும். என்ன ஆச்சு, சொல்லுங்க."

விக்கி விக்கிச் சொன்னாள்.

"அவர் போன்ல படிச்சுச் சொல்ற வசதி ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப சக்கரமே வராது. அந்த வசதி ஓடினா சக்கரம் ஒதுங்கிக்கும், ரெண்டு சாதாரணப் பொத்தான் வரும். 'வருகிறேன், பொத்தான்'னு படிக்கும். நான்தான் போட்டு வச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா மறுபடி மல்லுக்கு நிப்பீங்க. மேலாளர்கிட்ட மட்டும் சொன்னேன்."

இருவரும் மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலை செய்யுமா என்று கேட்க அவளுக்குப் பயம். செய்யும் என்று சொல்ல அவனுக்கும் பயம். ஆறாவது நிமிஷம் போன் அடித்தது.

"அம்மாடி, வர்றேன்னு சொல்லிட்டேன்மா! வண்டி அனுப்புறாங்களாம்!" அண்ணன்தான் பேசினார். "குளிச்சிட்டு வந்துதான் செய்தியைக் கேட்டேன். அழகா படிச்சுக் காட்டுச்சு, ரெண்டு தட்டுல முடிஞ்சிடுச்சு. என் கண்ணு போயிடும்னு தெரிஞ்சே இப்படிப் பண்ணி வச்சியா? நீ நல்லா இருப்பே, தாயி."

ஆமாண்ணா என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கறார்கூட நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பண்ணலண்ணா. வேண்டவே வேண்டாம்னு சண்டை போட்டவ நான். பண்ணினவர் பக்கத்துலதான் நிக்கிறாரு. அந்த வாழ்த்தை அவர்கிட்ட சொல்லு." அவள் கறாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் அண்ணனைக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

போனை அவன் காதில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அங்கிருந்து அண்ணன் விடாமல் வாழ்த்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அதெல்லாம் வேணாம்ண்ணே," என்றான் கடைசியில். "வெறும் வயித்தோட போங்க. தண்ணிகூட குடிச்சிடாதீங்க."