பழைய மாணவி

கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது. திரையைப் பார், முன்னால் உட்கார்ந்திருக்கும் லோகநாதன் சாரின் வழுக்கையைப் பார், மின்விசிறியைப் பார். இன்னும் நான்கு ஸ்லைடுதான். அதற்குள் குழந்தை அழுதால் அதன் அம்மாவே வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அழேன்டி கண்ணா, கொஞ்சம் அழேன்.

சொந்தப் பேத்தி அழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று வேதாவுக்கு உறைத்தது. மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

மேடவாக்கத்தில் அவர்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது பேசுவார்கள். போன மாதம் சிறுநீரகக் கல். இந்த மாதம் வேதா; கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறவள். தலைப்பு, ஆதி மனிதர்களுக்குள் நடந்த கலப்பு. போஸ்டரை எல்லோருக்கும் அனுப்பியபோது வழக்கம்போல மகன் ஷ்யாம்சுந்தருக்கும் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு மருமகள் அஃப்ஷான் எட்டு மாத ஸஹானாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவாள் என்று நினைக்கவில்லை.

இங்கே யாருக்கும் அஃப்ஷானைத் தெரியாது. ஷ்யாம் பெங்களூரில் இருக்கிறான், கல்யாணத்துக்குப் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான் என்பதுதான் இந்த பிளாக்குக்குத் தெரிந்தது. அப்படிச் சொல்லி வைத்தவர் அவள் கணவர் பத்ரிநாராயணன். மறுக்காமல் இருந்தவள் வேதா.

"சைபீரியாவில் ஒரு குகை. அங்கே கிடைத்தது ஓர் அங்குல எலும்புத் துண்டு" என்றாள். "பதிமூன்று வயதாவது இருக்கும் ஒரு பெண்ணுடையது. அம்மா நியாண்டர்தால். அப்பா டெனிசோவன். தொண்ணூறாயிரம் வருடங்களுக்கு முன்னால் இரண்டு வகை மனிதர்களுக்குப் பிறந்த குழந்தை. அந்த அப்பாவின் முன்னோர்களிலும் ஒரு நியாண்டர்தால் இருந்திருக்கிறார். ஆக, இது முதல் தடவையும் இல்லை."

பதினோராம் வகுப்பு அனுப்பிரியா கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, வேற வேற சிற்றினம்னா, பொறக்கிற குழந்தைக்குக் குழந்தை பொறக்காதுன்னு புக்ல இருக்கே. ஆனா நமக்குள்ள நியாண்டர்தால் டிஎன்ஏ இருக்குன்னு சொன்னீங்க. அப்போ புக் தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா. சிற்றினம்னா என்னங்கிறதுக்கு விஞ்ஞானிகள்கிட்டயே இருபதுக்கு மேல விளக்கம் இருக்கு. சில பேர் எலும்போட அமைப்பைப் பார்ப்பாங்க, சில பேர் வம்சாவளியைப் பார்ப்பாங்க. அதனாலதான் நியாண்டர்தால் தனிச் சிற்றினமா, நம்ம வகையேதானான்னு இன்னும் சண்டை. கோடு நாம போட்டது. எங்கயாவது போட்டாத்தான் வேலை நடக்கும். அவங்களுக்கு அந்தக் கோடு தெரியாது, பாவம்."

"அப்போ மேடம்," லோகநாதன் எழுந்தே விட்டார். சங்கச் செயலாளர், தண்ணீர் லாரி வராத நாளில்கூட ஜோக் அடிக்கிறவர். "அந்தக் காலத்துலயே லவ் மேரேஜ்னு சொல்லுங்க! ரெண்டு வீட்லயும் ஒத்துக்கிட்டாங்களா?"

ஹால் சிரித்தது. "அது எலும்புல தெரியாது சார்" என்றாள் வேதா. சிரிப்பு இரண்டு மடங்கானது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு நொடியில்தான் மறந்துபோய்க் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டாள். அஃப்ஷானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் குழந்தையின் தலைமேல் இருந்தன.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன்? யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மனசுக்குள் இதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேனோ? தொண்ணூறாயிரம் வருடத்துக்கு முந்தைய பெண்ணுக்காகப் பேச என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? அதைவிட மோசம், அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது ஸஹானா நினைவுக்கு வந்தது. ஷ்யாமும் அஃப்ஷானும் எந்த நுண்ணோக்கியில் இரண்டு வகையாகத் தெரிவார்கள்? ஒரே அலுவலகம், ஒரே கேன்டீன் சாப்பாடு, இரண்டு பேருக்கும் தூசி ஒத்துக்கொள்ளாது. விலங்கியல் படித்தவளுக்கு அந்த ஒப்புமை தோன்றியதே அசிங்கம். அதைப் போய் ஸ்லைடு போட்டிருக்கிறேன்.

கைதட்டல் முடிந்து காபி கொடுக்க ஆரம்பித்தார்கள். அஃப்ஷான் கூட்டத்தின் ஓரமாக அவளை நோக்கி வந்தாள். தினமும் பத்ரி நடக்கப் போகும் நேரத்தில் வேதா வீடியோவில் கொஞ்சுகிற குழந்தைக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. தாயின் இடுப்பிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது.

வேதா காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அட, மேடம்கிட்ட எப்படித் தாவுது பாருங்க!" என்றார் லோகநாதன். "யாரு மேடம் இவங்க?"

"என் பழைய ஸ்டூடன்ட்."

யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் ஒருவேளை வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். யோசிக்காமலே வந்ததுதான் பிறகு அவளை அரித்தது.

அஃப்ஷான் அவளை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு லோகநாதன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஆமா சார். மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். என்னை ஃபெயில் பண்ணிட்டாங்க."

"அய்யய்யோ! ஃபெயிலாக்கின டீச்சரைப் பார்க்கவாம்மா கைக்குழந்தையோட வந்தே? உனக்குப் பெரிய மனசும்மா!" அவர் சிரித்துக்கொண்டே குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினார். நான்கு பேர் சூழ்ந்து ஸஹானாவைக் கொஞ்சினார்கள். வேதா மட்டும் தொடவில்லை.

கேட்வரை கூடப் போனாள். ஆட்டோ வரும்வரை இருவரும் சாலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"போஸ்டரை நீங்க அனுப்பினதும், கூப்பிடறீங்கன்னு நினைச்சுட்டேன் மாமி" என்றாள் அஃப்ஷான். "அவர் சொன்னார், அம்மா எல்லாருக்கும் அனுப்பியிருப்பாங்கன்னு. நான்தான் கேக்கல. ஸாரி."

தான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். வேதாவின் வாயில் வந்தது வேறு. "வெயிலா இருக்கு. குழந்தை தலைக்குத் துணியப் போடு."

"சரி மாமி."

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்ரி நல்ல மனநிலையில் இருந்தார். கிளப் ஹவுஸில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"ஸமயோசிதமா சொன்னே. ஸ்டூடன்ட். எனக்கு இத்தனை நாளா தோணவே இல்லை பாரு."

வேதா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் தாம்பரத்துல நம்ம அறுபதாம் கல்யாணத்துக்கும் அவ அப்படியே வரட்டுமே. குழந்தையோட தனியா வரட்டும். ஷ்யாம் பெங்களூர்லேர்ந்து வந்த மாதிரி முன்னாடி நாளே வந்துடட்டும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கும் குழந்தை பக்கத்துல இருந்த மாதிரி இருக்கும்." குரல் தழைந்தது. "எனக்கு ஆசை இல்லேன்னு நினைக்கறியா? நான் நடக்கப் போறப்ப நீ யாரோட பேசறேன்னு தெரியாதா எனக்கு? படில நின்னு கேட்டிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் கதவுக்கு வெளியே ஒரு மனுஷன் நின்றிருக்கிறான். அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பத்ரிமேல் கோபப்பட முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்பதில் புதிதாக எதுவுமில்லை; காலையில் அவள் கொடுத்ததைத்தான் இன்னொரு முறை கேட்கிறார். மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அஃப்ஷான் சிரித்துக்கொண்டே இன்னொரு ஜோக் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள்.

"நான் சொன்னா நன்னா இருக்காது. நீ சொன்னா மறுக்க மாட்டா" என்று தன் போனிலேயே எண்ணைத் தேடி எடுத்து நீட்டினார். "இப்பவே பேசிடு வேதா. பக்குவமா சொல்லு."

மறுக்க மாட்டாள். அது வேதாவுக்கும் தெரியும். காலையில் மறுத்தாளா?

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். திரையை அணைத்து, அவர் பக்கமாக மேஜையில் வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்."

"பின்னே என்னதான் பண்றதாம்?"

"தெரியலை. ஆனா இதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

குரல் உயரவில்லை. நெஞ்சில் எதுவும் இலேசாகவும் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேதா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.