திங்கட்கிழமை வயிற்றுவலி

என் தம்பி லெம்மை அவன் பொண்டாட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறாள் என்று நான் முடிவு கட்டியது ஜூன் மாதத்தில். சும்மா கட்டவில்லை, காரணம் இருந்தது.

ஜனவரியில் டாக்டர் அவனுக்கு சீலியாக் என்றார். கோதுமையும் பார்லியும் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். அறுபது வயது வரை தினமும் காலையில் நான்கு ரொட்டி தின்றுவிட்டுப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவனுக்குத் திடீரென்று இதென்ன குடல்? எனக்கு அப்போதே நெருடியது. டாக்டர் மீது சந்தேகமில்லை. கார்லிஸ் மீதுதான். லெம்முக்கு அவள் இரண்டாம் தாரம். வடக்கே கிளீவ்லாந்துக்காரி, மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் என்னை மிஸ் வெர்னெட்டா என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைதான், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கிற மரியாதை.

டாக்டர் கோதுமையை நிறுத்தச் சொன்னால் இவள் தானியத்தையே நிறுத்தினாள். சோறு கிடையாது, சோளரொட்டி கிடையாது, காலையில் சோளக்கஞ்சிகூடக் கிடையாது. வட கரோலினாவில் பிறந்து வளர்ந்த ஒருவனிடமிருந்து சோளக்கஞ்சியைப் பிடுங்குகிறவளை நான் எப்படி நம்புவது? வயல் முழுக்க விளைகிற சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் அவனுக்கு மிச்சம். மார்ச்சில் உடம்பு கொஞ்சம் தேறியது என்னவோ உண்மை. அதை நான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஈஸ்டருக்கு அவள் சர்ச்சுக்கு ஒரு தட்டு நிறையக் குட்டிக் குட்டியாக சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை, அதாவது மொறுமொறு ஓட்டுக்குள் இனிப்புக் கிழங்கை நிரப்பிச் சுடுகிற பலகாரம், சுட்டுக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெளி ஓட்டுக்கு மாவே கிடையாது, பீக்கன் பருப்பைப் பொடித்துச் செய்தது. லெம் நான்கு தின்றான். யாரும் பார்க்காதபோது நான் ஒன்று எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சர்ச் விருந்துகளில் இருபத்தாறு வருடமாக இனிப்பு மேசை என் பொறுப்பு. இவளால் முடிவது என்னால் முடியாதா? அடுத்த ஞாயிறே நானும் சுட்டேன். கார்லிஸ் ஞாயிறு மதியம் முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவாள். சர்ச் முடிந்ததும் லெம் நேராக என் வீட்டுக்கு வருவான். எதிரே உட்கார்ந்து அவன் தின்பதைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் போன பிறகு என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. மூன்று பை தின்பான். ராத்திரிச் சாப்பாடு அவன் வீட்டில், அவள் கையால்.

திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். புதன்கிழமைதான் எழுந்து நடப்பான். இப்படியே வாராவாரம். ஆகஸ்டுக்குள் முப்பது பவுண்டு எடை இறங்கி, கழுத்து எலும்பு தெரிந்தது. இதற்கு மேல் இறங்கினால் மருத்துவமனையில் படுக்க வைத்து ஊசி வழியாகத்தான் ஊட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு ராத்திரி அவனுக்குச் சாப்பாடு போடுவது யார்? கார்லிஸ். பிறகென்ன, வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். சர்ச்சில் இரண்டே இரண்டு பேரிடம் சொன்னேன். அதில் ஒருத்தி சிஸ்டர் ஒசெல்லா. அவளிடம் சொன்னால் பாடகர் குழு முழுவதற்கும் சொன்னமாதிரி.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் லெம்மைப் பார்க்கப் போனவள், அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது கார்லிஸின் சமையலறை அலமாரியைத் திறந்தேன். எல்லா டப்பாவுக்கும் பெயர் ஒட்டியிருந்தது. பின்வரிசையில் ஒன்றுக்கு மட்டும் இல்லை. உள்ளே வெள்ளையாக, வழவழவென்று ஒரு பொடி. மருந்துக்கடைக்காரி அல்லவா! ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பினால் கார்லிஸ் வாசலில் நிற்கிறாள்.

"என்ன தேடுறீங்க, மிஸ் வெர்னெட்டா?"

"உப்பு."

"அது மரவள்ளிக்கிழங்கு மாவு. வேணும்னா டப்பாவோட எடுத்துட்டுப் போங்க. கைக்குட்டை எதுக்கு?"

எனக்கு முகம் எரிந்தது. அவள் சத்தம் போடவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம மதியம் மட்டுந்தான் அவரு என் கண்ணு முன்னால இருக்கிறதில்ல. உங்க வீட்டுல அவருக்கு என்ன குடுக்கிறீங்க?"

"என் தம்பிக்கு நான் வெஷம் வெக்கிறேங்கிறியா?"

"என்னப் பத்தி சர்ச்சுல நீங்க அதத்தானே சொல்லிட்டுத் திரியுறீங்க."

ஆக, நான் அவளை வேவு பார்த்த மாதமெல்லாம் அவளும் என்னை வேவு பார்த்திருக்கிறாள். கோபம் தலைக்கேற, சனிக்கிழமை என் வீட்டுக்கு வா, நான் சுடுவதை உன் இரண்டு கண்ணாலும் பார், அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாற்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டு, சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் ஒவ்வொன்றையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டித்தான் எடுத்தேன். கிழங்கைத் தோலோடு அடுப்பில் சுட்டு வைத்திருந்தேன். வேகவைத்தால் தண்ணீர் கோத்துக்கொண்டு சப்பென்று போய்விடும். அதற்கு மட்டும் அவள் தலையாட்டினாள். முட்டை, வெண்ணெய், சுண்டவைத்த பால், ஜாதிக்காய். பீக்கன் பருப்பை அவள் எதிரிலேயே உடைத்துப் பொடித்தேன். கோதுமை எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று கேட்டேன்.

ஓட்டுக்கு மாவு பிசைய என் மரக்கிண்ணத்தை இறக்கினேன். தினமும் காலை ரொட்டிக்கு மாவு பிசைகிற கிண்ணம். அதில் எப்போதும் கோதுமை மாவு கிடக்கும், மேலே துணி போட்டு மூடியிருக்கும். லெம்முக்குச் செய்யும்போது நான் அப்படியே விடுவேனா? மாவை டின்னில் கொட்டினேன், கிண்ணத்தைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினேன், உலர்ந்த துணியால் சுற்றித் துடைத்தேன். பிறகு பருப்புப் பொடியைப் போட்டேன்.

கார்லிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"இந்தக் கிண்ணத்த எப்போ கழுவுனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொட்டிக் கிண்ணத்தை யாராவது கழுவுவார்களா? தண்ணீர் பட்டால் மரம் வெடிக்கும், மாவு ஒட்டும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் செய்யமாட்டாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் விரலைக் கிண்ணத்தின் உள்விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மரத்தின் வரிகளுக்குள் அப்பிக் கிடந்த பழைய கோதுமை மாவு அவள் விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவள் குழாயைத் திறந்து விரலைக் கழுவினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இருபது ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பை. அத்தனையும் என் கையால். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன், என்னைச் சந்தேகப்படவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"லெம்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள் கார்லிஸ், மெதுவாக.

அந்த நிலையிலும் எனக்குப் புத்தி அப்படித்தான் போனது. இவள் சொன்னால் எப்படிச் சொல்வாளோ! நானே சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

லெம் வீட்டு முன்னால் கார் கழுவிக்கொண்டிருந்தான். சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடினான்.

"எனக்கும் மே மாசத்துலருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"நீ எதிர்ல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருப்ப. எப்படிச் சொல்றது?"

அவனை அறையலாம் போல இருந்தது. குடல் புண்ணானாலும் பரவாயில்லை, அக்காவிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று நான்கு மாதம் தின்றிருக்கிறான். என்னிடம் அவ்வளவு பயமா? காரில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

மூன்று வாரம் நான் ஒன்றும் சுடவில்லை. நான்காவது ஞாயிறு, அம்மாவைப் பார்க்கப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, கார்லிஸே கூப்பிட்டாள். அவள் சமையலறையில், அவள் பாத்திரத்தில், அவள் குழித்தட்டில் பன்னிரண்டு பை சுட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் எடுத்துக்கொடுத்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்துத்தான் போட்டேன். தட்டைக் கொண்டுபோய் லெம் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்தவன், வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினான்.

"யாரு செஞ்சது?"

எங்கள் சர்ச் விருந்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். யார் வீட்டுச் சமையலறை என்று தெரியாமல் ஒருவரும் தட்டில் எடுத்து வைக்கமாட்டார்கள். பூனை மேசையில் ஏறுகிற வீடா, கை கழுவாத வீடா என்று தெரியவேண்டுமே. இருபத்தாறு வருடத்தில் என் தட்டைப் பார்த்து ஒரு ஆள் அப்படிக் கேட்டதில்லை. தீர்ந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். கூடப் பிறந்தவன் கேட்டான்.

"நாந்தான். இங்கதான் செஞ்சேன், அவ பாத்திரத்துல."

அவன் கார்லிஸைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அதன் பிறகுதான் கடித்தான். எனக்கு வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் கேட்டானே, அதுவும் என்னிடம் வாய்திறந்து கேட்டானே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. மூன்று தின்றான். நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன், அவன் வாயைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு போன் செய்தேன். கார்லிஸ் எடுத்தாள். எப்படி இருக்கிறான் என்றேன். புல் வெட்டுகிறார் என்றாள்.

நான் நம்பவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். லெம் தொப்பியும் போட்டுக்கொண்டு புல்வெட்டி வண்டி மேல் உட்கார்ந்து, வீட்டு முன்னால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்த கார்லிஸ் என் காரைப் பார்த்துவிட்டாள். உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். நானும் தூக்கினேன். அப்புறம் தெருமுனை வரை போய், வண்டியைத் திருப்பி வந்து, அவன் இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறானா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.