அப்பாவின் கடைசி வார்த்தை

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தார்.

"சாகுற நேரத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னான்மா. பொண்ணு படிச்சது போதும், சீக்கிரம் கட்டிக் குடுத்துடுங்கன்னு."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதுகலை இலக்கியம் முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"பெரியப்பா, காவியத்துலதான் மார்புல அம்பு தைச்சவன் ஊருக்கே புத்தி சொல்லிட்டுச் சாவான். அப்பாவுக்குத் தொண்டைக்குள்ள குழாய் போட்டிருந்தாங்க. எப்படிப் பேசினாரு?"

அவர் சளைக்கவில்லை. "வாயால இல்லம்மா, கண்ணால சொன்னான்."

"கண்ணத் திறக்கவே இல்லையே!"

கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் நான். தெருவில் அடிபட்டுக் கிடந்த பூனை அடங்கியதுபோலத்தான் அப்பாவும் அடங்கினார். மூச்சு இழுத்தது, பிறகு நின்றது. யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லை. அதில் கேவலமும் இல்லை.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உசுரோட இருந்தப்ப இவள 'படி, படி'ன்னுதான் சொன்னாரு, அத்தான். அதையே வச்சுக்குவோம்."