செல்லையாவின் வேனுக்குள் ஒரு கம்பியூட்டர்

பெட்டியின் கடைசித் திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கியதுதான் தாமதம், கலைச்செல்விக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. புறங்கையால் மூக்கைப் பொத்தியபடி வேனிலிருந்து குதித்து இறங்கினாள்.

“என்ன தங்கச்சி, உள்ளுக்கு எலி செத்து ஈக்கா?” என்று கேட்டுக்கொண்டே கடை வாசலுக்கு வந்தார் நிலாம்.

“எலின்னாத் தேவலாம் நானா. வந்து மோந்து பாருங்க.”

உள்ளே விட்ட தலையை விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தார் நிலாம். “யா அல்லாஹ்! காலையில தின்ட பராட்டா வெளிய வரப் பாக்குது.”

எஹலியகொட பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கம்பியூட்டர் கடை நிலாமுடையது. கலைச்செல்வி அங்கே ரிப்பேர் வேலை பார்த்தாள்; அண்ணன் என்ற முறையில் அவரை ‘நானா’ என்று கூப்பிடுவாள். அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். வீட்டில் கம்பியூட்டர் வைத்திருப்பவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். வேனுக்குள் கம்பியூட்டர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் செல்லையாதான்.

செல்லையா தோட்டத் தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி. வெள்ளை வெளேரென்று சட்டை, வெற்றிலைச் சாறு வழியும் கடைவாய், மூன்று விரல்களில் நீலக்கல் மோதிரம். அன்றைக்குக் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“ரேடியோ இருக்குற எடத்துல டிவி மாதிரி ஒன்னு வரணும். வெரல வச்சா பாட்டு, வெரல வச்சா படம். பெரிய தொரை வண்டியிலகூட இல்லாத சாமானா இருக்கணும், வெளங்குதா?” பிறகு கலைச்செல்வியைப் பார்த்தார். “நீ நம்ம மருதாயி மகதானே? அப்ப நீயே செஞ்சு குடு. ஒங்கம்மா விசயம் என் கையிலதான் இருக்கு, மறந்துறாத.”

மறக்க முடியுமா?

மருதாயி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். அந்தத் தோட்டத்தில் பல மாதமாக ஒட்டுப்பால் களவு போய்க்கொண்டிருந்தது. பால் வடிந்த பிறகு சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கும் ரப்பர்தான் ஒட்டுப்பால். அதை மூட்டை கட்டி வைத்துப் புளித்துவிட்டால் பிணவாடை தோற்றுப்போகும். ஒரு நாள் தோட்டத்துக் காவல்காரனான வாச்சர், மருதாயி வெட்டும் மரங்களுக்குப் பக்கத்துப் பற்றைப் புதரிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, “இந்தா, கள்ளி ஆம்புட்டுட்டா” என்று கூச்சல் போட்டான். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தின் மேலாளரான பெரிய தொரை விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். தொரை முன்னால் அவளுக்காகப் பேச வேண்டிய ஆள் சங்கப் பிரதிநிதி செல்லையா.

ஆகவே கலைச்செல்வி பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தாள். ரேடியோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தொடுதிரையைப் பொருத்தினாள். பாட்டரியிலிருந்து வயர் இழுத்து, மின்சாரம் கூடிக் குறைந்தாலும் தாங்குகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியை இடையில் வைத்தாள். கம்பியூட்டரின் பலகையைத் தகரப் பெட்டிக்குள் அடக்கி, நடு ஆசனத்துக்கு அடியில் முடுக்கினாள். அது சூடாகாமல் இருக்க ஒரு சிறிய காத்தாடி. அதை வேனின் பின்பக்கத்துக் காற்றை இழுக்கும்படி வைத்தாள். பின்னால் இடம் காலியாகத்தான் கிடந்தது. “பின்னுக்கு ஒரு சாமானும் பூட்டாத, சங்கத்துக் கொடி, பெனர் எல்லாம் ஏத்துற எடம்” என்று செல்லையா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வேலைக்காக முதல் நாள் வேனுக்குள் ஏறியதுமே அந்த வாடை அவள் மூக்கில் அடித்தது. அடித்ததும் அவள் செய்த காரியம் என்ன தெரியுமா? சட்டென்று குனிந்து தன் சட்டைக் கையை மோந்து பார்த்தாள்.

ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எங்கே ஒட்டுப்பால் நாறினாலும் அது தன் மேலிருந்துதான் வருகிறது என்று கூசிப்போவார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம், “ஒட்டுப்பால் வருது, ஜன்னலத் தொறங்கடி” என்று முன்வரிசை சிரிக்கும். அம்மாவின் உடுப்போடு சேர்த்துத் துவைத்த சீருடை அது. தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

அன்றைக்கும் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த செல்லையா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

“என்ன புள்ள, டவுன்ல வேல பாத்தும் ரப்பர் நாத்தம் ஒன்ன விட்டுப் போகலியே? நாளைக்கு வர்றப்ப நல்லாக் குளிச்சிட்டு வா. புது சாமான் பூட்டுற வண்டி.”

கலைச்செல்வி அவமானத்தால் குறுகிப்போனாள். மறுநாள் இரண்டு தடவை குளித்துவிட்டு, நிலாம் நானாவின் மனைவியிடம் சென்ட் வாங்கிப் பூசிக்கொண்டு வந்து மீதி வேலையை முடித்தாள்.

ஒரு மாதம் கூட ஓடவில்லை. கம்பியூட்டர் செத்துவிட்டது என்று வேன் திரும்பி வந்துவிட்டது.

இப்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை வெளியே எடுத்துச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தாள். செம்புக் கோடுகள் எல்லாம் கருத்துப் போயிருந்தன. இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. காத்தாடியின் இறக்கைகளில் மூக்குச்சளி காய்ந்தது போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“கடலுக்குள்ள விழுந்த சாமான் மாதிரியில்லவா ஈக்கி?” என்றார் நிலாம்.

கலைச்செல்வி வேனின் பின்கதவைத் திறந்தாள். கொடியும் இல்லை, பெனரும் இல்லை. தரை விரிப்பின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அது தரையோடு ஒட்டிக்கொண்டு, புண்ணிலிருந்து கட்டுத்துணி பிரிகிற சத்தத்தோடு வந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. ஆசனக் கம்பியின் இடுக்கெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக ஒட்டுப்பால் துண்டுகள். ஈ மொய்த்தது.

காத்தாடி இத்தனை நாளும் இந்தக் காற்றைத்தான் குடித்திருக்கிறது. கம்பியூட்டர் சாகாமல் என்ன செய்யும்?

அவள் விரிப்பைக் கீழே விட்டாள். முதலில் சிரட்டை நினைவுக்கு வந்தது, பிறகு பற்றைக்குள் கிடந்த மூட்டை, பிறகு அம்மா. வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சங்கத்து ஸ்டிக்கரைப் பார்த்தாள். அதைக் கண்டால் எந்தத் தோட்டத்து கேட்டிலும் வாச்சர் சலாம் போட்டுத் திறந்து விடுவானே தவிர, உள்ளே எட்டிப் பார்ப்பானா?

திருடியது அந்தச் செல்லையா. அதைச் சுமந்தது இந்த வேன். அதன் நாற்றத்தை அவள் தலையில் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வா என்று வேறு சொல்லியிருக்கிறான். அவளும் இரண்டு தடவை குளித்திருக்கிறாள்! அதை நினைத்தபோதுதான் உண்மையாகவே வாந்தி வந்தது. கழிவுநீர்க் கானின் ஓரத்தில் உட்கார்ந்து எடுத்து முடித்தாள்.

நிலாம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “போலிசுக்குச் சொல்லுவமா?”

“யாரு நம்புவா நானா? களவெடுத்தவ மக சொல்றான்னுதான் பேசுவாங்க. அவரு அதுக்குள்ள வண்டியக் கழுவிருவாரு.”

இன்னொன்றும் அவளைக் குத்தியது. காலையில் வேனைக் கொண்டுவந்து விட்டபோது செல்லையா சொல்லிப் போயிருந்தார்: “சனிக்கிழம விசாரண. ஒங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லு. ‘நாந்தான் எடுத்தேன், தெரியாமச் செஞ்சிட்டேன்’ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். மத்தத நான் பேசிக்கிறேன்.” இதையே அவர் லயத்துக்கு வந்து சொன்னபோது, “பெரிய ஆளு சொல்றாரும்மா, கேளேன்” என்று கலைச்செல்வியும் சேர்ந்துகொண்டிருந்தாள். மருதாயி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, “செய்யாததச் செஞ்சேன்னு எந்த வாயால சொல்றது? அந்த வாயால அப்புறம் சோறு திங்க முடியுமா?” என்று எழுந்து போய்விட்டாள்.

கலைச்செல்வி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நானா, அந்தப் பழைய பலக ஒன்னு இருக்கில்ல? அதப் போடுறேன்.”

“போட்டாலும் இதுக்குள்ள அதுவும் சாகுமே.”

“சாகட்டும். சனிக்கிழம வரைக்கும் உசிரோட இருந்தாப் போதும்.”

தரை விரிப்பைப் பழையபடியே போட்டாள். ஒரு துண்டைக்கூட அங்கிருந்து எடுக்கவில்லை. தடித்த ரப்பர்க் குழாய் ஒன்றை வெட்டி, ஒரு முனையை விரிப்புக்கு அடியில் செருகினாள். அங்கிருந்து காற்று பெட்டிக்குள் வந்து, பலகையைத் தாண்டி, முன் ஆசனங்களுக்குக் கீழே வீசுகிற மாதிரி காத்தாடியைத் திருப்பிப் பூட்டினாள். வேலை முடிந்ததும் கைகளை மண்ணெண்ணெயில் கழுவினாள்.

வேனை எடுக்க வந்த செல்லையாவுக்குத் திரையில் படம் ஓடியதே போதுமாயிருந்தது. அவர் மூக்குக்கு அந்த வாடை பழகிச் செத்துப் பல காலம்; அன்றைக்கு மூக்கைச் சுளித்ததும் நடிப்புத்தான்.

“கண்ணாடிய மூடி ஏசியப் போட்டுத்தான் மத்தவங்களுக்குக் காட்டணுங்க. அப்பத்தான் சத்தமும் எடுப்பா கேக்கும்” என்றாள் கலைச்செல்வி.

“இப்பத்தான் ஒனக்கும் புத்தி வந்திருக்கு” என்று சிரித்தார் அவர்.

சனிக்கிழமை தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் மருதாயியும் கலைச்செல்வியும் ஒதுங்கி நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. வாச்சர் படியோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தத்தோடு வேன் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார் செல்லையா.

“என்ன மருதாயி, சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க. நான் சொன்னதும் இருக்கு” என்றாள் மருதாயி.

அவர் முகம் கறுத்தது. அதற்குள் பெரிய தொரை வராந்தாவுக்கு வந்துவிட்டதால் சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஓடினார். தொரை சிங்களவர், ஓரளவு தமிழும் பேசுவார். வேனுக்குள் மின்னிய திரை அவர் கண்ணில் பட்டது.

“செல்லையா, என்ன அது உள்ளே?”

அவ்வளவுதான். விசாரணையாவது ஒன்றாவது! கோயில் தேரைக் காட்டுகிறவரைப் போல செல்லையா கதவைத் திறந்து பிடித்தார். “கம்பியூட்டர் சேர்! கொழும்புலகூட ரெண்டு மூனு பேருகிட்டதான் இருக்கும். ஏறுங்க சேர், உக்காருங்க. கண்ணாடிய மூடினாத்தான் சத்தம் நல்லாக் கேக்கும்.”

தொரை முன் ஆசனத்தில் ஏறினார். கதவு சாத்தப்பட்டது. திரையில் யாரோ ஆடினார்கள். செல்லையா விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவது வெளியிலிருந்து தெரிந்தது.

தொரை முதலில் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவது நின்றது. கைக்குட்டை வெளியே வந்தது. பிறகு கதவு படாரென்று திறந்தது.

“மொகக்த மே கந்த?” என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே இறங்கினார். “என்ன நாத்தம் இது? செத்துப்போன நாத்தம்!”

செல்லையா ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான். பிறகு கொஞ்சமும் கூசாமல் கையை நீட்டிக் கலைச்செல்வியைக் காட்டினார். “அது இந்தப் புள்ள மேலருந்து வர்றது சேர். பால்வெட்டுக்காரி மக. கம்பியூட்டரு பூட்டினது அவதான், அந்த வாட வண்டியிலயும் ஒட்டிக்கிச்சு.”

முற்றமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பள்ளிக்கூடத்து முன்வரிசை சிரிக்கிறதாக ஒரு கணம் தோன்றியது. சட்டைக் கையை மோந்து பார்க்கக் கை தானாகவே எழுந்தது. அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“நான் வண்டியில வரலீங்க சேர். பஸ்ஸுல வந்தேன்” என்றாள். “இப்பவும் வெளியதான் நிக்கிறேன். நீங்க வேணும்னா எங்கிட்ட வந்து மோந்து பாருங்க. அப்புறம் வண்டிக்குப் பின்னால போயி மோந்து பாருங்க.”

ரப்பர் தோட்டத்திலேயே தலை நரைத்த தொரைக்கு இரண்டாவது தடவை மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. நேரே வேனின் பின்பக்கம் போனார். “பிட்டிபஸ்ஸ அரின்ன” என்று பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டினார். செல்லையா சாவியைத் தேடுகிறவரைப் போலச் சட்டைப்பையைத் தடவினார்; சாவி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் தொங்கியது. தொரையே கதவைத் திறந்தார். விரிப்பைக் காலால் விலக்கினார். ஈக்கள் எழும்பின.

முற்றத்தில் நின்றவர்கள் வேனைச் சுற்றிக் கூடினார்கள். பல் குத்திக்கொண்டிருந்த வாச்சர் மட்டும் மெல்ல மெல்லப் படியிறங்கி, ஆபீஸ் மூலையைத் திரும்பி மறைந்துபோனான்.

மருதாயி கிட்டே போய்க் கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். “இத்தன மாசமும் காணாமப் போனது இங்கயா குடியிருந்துச்சு?” என்றாள். சந்தையில் மீன் பார்க்கிறவளைப் போல முகத்தைச் சுளித்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தொரை செல்லையாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் தணிந்தது. பிறகு உள்ளே இரண்டு கோப்பைத் தேத்தண்ணி போனது. அடுத்த வாரம் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் வரவிருந்த நேரம். சங்கப் பிரதிநிதியைப் போலிசிடம் கொடுப்பதைவிடக் கைக்குள் வைத்துக்கொள்வது தொரைக்கு லாபமாகப் பட்டிருக்க வேண்டும். உள்ளே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கலைச்செல்விக்கு ஒட்டுப்பாலைவிட மோசமாக நாறியது.

ஆபீஸ் எழுதுவினைஞர் வெளியே வந்து சொன்னார்: “விசாரணை முடிஞ்சிருச்சு. மருதாயி மேல குத்தம் இல்ல. நாளான்னைக்கி வேலைக்கு வரலாம்.”

“களவெடுத்தது யாருன்னு சொல்லலியே?” என்றாள் மருதாயி.

“அது ஒனக்கு எதுக்கு? வேல கெடச்சிச்சில்ல, போ.”

இருவரும் கேட்டை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. செல்லையா. கடைவாயில் புதிய வெற்றிலை. முகத்தில் வெட்கத்தின் சுவடுகூட இல்லை.

“ஏ புள்ள, நில்லு. அந்தக் காத்தாடி எங்கிட்டோ மாறித் திரும்பியிருக்கு போல. திங்கக்கெழம வண்டிய அனுப்புறேன், பழையபடி திருப்பிக் குடுத்துரு.”

கலைச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் உண்மையாகவேதான் கேட்கிறார்!

“முடியாதுங்க.”

“ஏன் முடியாது?”

“நாறுதுங்க.”

“அட, வண்டியக் கழுவித்தான் அனுப்புவேன்.”

“நான் வண்டியச் சொல்லலீங்க” என்றாள்.

மருதாயி வாயிலிருந்த வெற்றிலையைக் கேட் ஓரத்தில் துப்பிவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாடி, பஸ்ஸு போயிரும்.”